தூளி கட்டிய குழாய்

மெஷினுக்குத் தூளி தெரியவில்லை.

அரசியின் திரையில் பொருள் எண் 2206 மஞ்சளாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மெஷின் தன்னால் முடிந்தவரை யோசித்து மூன்று பெயர்களை நீட்டியிருந்தது. ஊஞ்சல், முப்பத்தொரு சதவீதம். வலை, இருபத்திரண்டு. மூட்டை, பத்தொன்பது. மங்கையர்க்கரசி என்ற முழுப்பெயரை விருதுநகர்ப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டு வந்த அரசிக்கு யோசிக்க ஒன்றுமில்லை. பழைய புடவை, மேலே ஒரு முடிச்சு, நடுவே குறுக்காக ஒரு கட்டை. அவள் அண்ணன் பிள்ளைகள் மூன்று பேரும் இதில்தான் தூங்கி வளர்ந்தார்கள்.

மெஷின் தோற்ற இடத்தில் தான் ஜெயித்தால் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை வரும். அன்று வரவில்லை. தூளி தொங்கிய அறையின் பெயர் "சாமான் அறை". அதற்குக் கீழே "ஆட்கள்: இல்லை" என்று இருந்தது.

தீப் பாதுகாப்புச் சட்டம் வந்து ஆறு வருடமாகிறது. நான்கு மாடிக்கு மேல் உள்ள எந்தக் கட்டடமும் கணினிக்குள் தன் மாடலை வைத்திருக்க வேண்டும். சுவர், குழாய், நாற்காலி, வாளி என்று உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு. அந்த வகையைப் பார்த்துத்தான் "காவலன்" என்ற மென்பொருள் கட்டடத்தை நடத்துகிறது. லிஃப்டும் தண்ணீரும் அதன் கையில். தீ வந்தால் எந்தக் கதவைத் திறப்பது, எந்தக் கதவைப் பூட்டுவது என்பதும் அதன் கையில்.

ஸ்கேன் எடுக்கும் கருவி ஆட்களை அழித்துவிட்டுத்தான் படத்தை அனுப்பும். வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று மெஷின் பார்க்கக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதனாலேயே ஓர் அறையில் ஆள் உண்டா இல்லையா என்று காவலனுக்குத் தெரிய அறையின் வகையை விட்டால் வேறு வழியில்லை. இந்தத் தூளியிலும் குழந்தையை அழித்திருந்தார்கள். தொய்வை அழிக்கவில்லை. காலித் தூளி அப்படித் தொங்காது.

அரசி படத்தைத் திருப்பி, தூளியின் முடிச்சு எதில் போட்டிருக்கிறது என்று பார்த்தாள். கூரையை ஒட்டி ஒரு இரும்புக் குழாய் போனது. குழாயில் விரற்கடை இடைவெளியில் மூன்று நீலப் பட்டைகள். அவள் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஜெரால்டு சார், இங்க கொஞ்சம் வாங்களேன்."

குழுத் தலைவர் ஜெரால்டுக்கு ஐம்பது வயது. ஒரு காலத்தில் கையால் வரைபடம் போட்டவர். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"மூணு நீலப் பட்டைன்னா கேஸ் குழாய்தானே சார்?"

"ஆமா. சாமான் அறையில தண்ணி அடிச்சா சாமான் கெட்டுப்போகும்னு கேஸ் விடுவாங்க. காவலன் புகையைப் பார்த்ததும் பத்து செகண்ட் மஞ்சள் லைட் எரியும். அப்புறம் கதவு பூட்டிக்கும். அடுத்த இருபது செகண்ட்ல ரூம்ல இருக்குற காத்தை வெளிய தள்ளிட்டு கேஸ் ரொம்பிடும். தீ மூச்சு விட முடியாம செத்துப்போகும்."

"தீ மட்டுமா சார்?"

ஜெரால்டு உரிமையாளர் குறிப்பைச் சுட்டிக் காட்டினார். குடியிருப்போர் சங்கம் அதில் தெளிவாக எழுதியிருந்தது: படிக்கட்டுக்கு அடியில் உள்ள அறை, சாமான்கள் வைக்க.

"உரிமையாளர் குறிப்பு இருந்தா 'ஏற்கிறேன்' அழுத்தணும். அழுத்தின பிறகுதான் காவலன் அந்த ரூமை எடுத்துக்கும். நம்ம வேலை அவ்வளவுதான். வீடுன்னு மாத்தினா என்ன ஆகும் தெரியும்ல? ஜன்னல் இல்லாத வீடு சட்டவிரோதம். ஏழு நாள்ல காலி."

"அப்ப என்ன சார் பண்றது?"

"தெரியலம்மா." அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். எங்கயாவது போய் நின்னு நான்தான் பார்த்தேன்னு சொல்லிடாதே. கிளையன்டைப் பொறுத்தவரைக்கும் இதையெல்லாம் மெஷின்தான் பார்க்குது."

அது அந்த நிறுவனத்தின் பெருமை. விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்: மனிதக் கை படாத வகைப்படுத்தல். பெருங்குடியில் ஏழாவது மாடியில் ஜன்னல் இல்லாத கூடம் ஒன்றில், வரிசை வரிசையான கணினிகளுக்கும் ஓரத்தில் இரையும் சர்வர் அலமாரிகளுக்கும் நடுவே, அந்த மனிதக் கைகள் நாற்பத்து மூன்று ஜோடி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தன. ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு பொருள்.

கோப்பில் கட்டடத்தின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் பெயர்ப் பலகையை மறைத்த மெஷின், தண்ணீர் டிரம்மில் பெயின்டால் எழுதியிருந்ததை மறைக்க மறந்திருந்தது. சௌபர்ணிகா பி பிளாக், மடிப்பாக்கம். இரண்டு நாள் அரசி தன்னோடு மல்லுக்கட்டினாள். சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் மனசு தன்னால் இருபது வரை எண்ணியது. சனிக்கிழமை காலை கிளம்பிப் போய்விட்டாள்.

அறை நிஜமாகவே இருந்தது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னது. காவலாளியின் மனைவி பச்சையம்மா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். உள்ளே செருப்பு வைக்கக்கூட இடமில்லாததால் எல்லாச் செருப்புகளும் வெளியே கிடந்தன. அரசி சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். ஸ்கேனைப் பார்ப்பது தான்தான் என்றும், அந்தக் குழாயில் வருவது என்ன என்றும்.

பச்சையம்மா குழாயை நிமிர்ந்து பார்த்தாள். தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"தண்ணி வரும்னு இல்ல மேடம் சொன்னாங்க? நெருப்பு புடிச்சா மழையாட்டம் கொட்டும்னு."

"தண்ணி இல்லம்மா. கதவும் பூட்டிக்கும். உள்ள இருக்கறவங்க வெளிய வர முடியாது. அதான் இதை வீடுன்னு மாத்திடலாம்னு..."

"ஐயோ, வூடுன்னு மட்டும் எழுதிடாதீங்க!" வெங்காயம் உருண்டு ஓடியது. "எங்க அக்கா வூட்டுக்காரரு வேலை பாத்த எடத்துல அப்படித்தான் யாரோ எழுதி, ஒரே வாரத்துல ரோட்டுக்கு வந்துட்டாங்க. இந்த வேலையே தங்கறதுக்கு எடம் குடுக்கறாங்கன்னுதான் மேடம். சங்கத்து செக்ரெட்டரி சார்கிட்ட கையைக் காலைப் புடிச்சு வாங்கினது. கொழந்தைக்கு ஏழு மாசம்."

"உயிர் போற விஷயம்மா இது."

"நெருப்பு வருமோ வராதோ. செக்ரெட்டரி சார் நாளைக்கே வருவாரு." அவள் அரசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெங்காயத்தின் ஈரம். "நீங்க பாக்காத மாதிரி போயிடுங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

எந்தப் பெயர் கொலை செய்யுமோ அந்தப் பெயரைக் கேட்டு ஒருத்தி கெஞ்சுகிறாள். அரசிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அழுகை பச்சையம்மாவுக்காக. கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. போன் நம்பரை மாற்றிக்கொண்டு எழுந்திருக்கும்போதுதான் பார்த்தாள். அடுப்புக்கு மேலே ஒரு பலகை. அதில் பிள்ளையார் படம், பக்கத்தில் கட்டைவிரல் அளவு விளக்கு.

திங்கட்கிழமை முழுக்க அவள் வகைப் பட்டியலைத் தோண்டினாள். எண்ணூற்றுப் பன்னிரண்டு வகைகள். ஆளைக் கொல்லவும் கூடாது, ஆளை வெளியேற்றவும் கூடாது. அப்படி ஒன்றாவது இருக்காதா?

"என்னடி, காலைலேர்ந்து ஒரு பொருள்கூட முடிக்கல?" பக்கத்து இருக்கை நூர்ஜகான் எட்டிப் பார்த்தாள். இவளைவிட நான்கு வயது மூத்தவள், வாயும் அந்த அளவுக்கு மூத்தது.

"நூரு, வழிபாட்டு இடம்னு ஒரு வகை இருக்கே. அதுக்கு ஏன் கேஸ் விலக்கு?"

"விளக்கும் ஊதுபத்தியும் எரியற எடத்துல புகையைப் பார்த்து கேஸ் விட்டா, சாமி தினமும் ரெண்டு தடவை மூச்சு முட்டிச் சாகணும். அதான் விட்டுட்டாங்க. ஜன்னல் விதியும் கிடையாது. கருவறைக்கு ஏது ஜன்னல்?"

"அத்தாட்சி என்ன கேட்பான்?"

"மாசாமாசம் ஸ்கேன்ல விளக்கு தெரியணும். வாசல்ல செருப்பு கிடக்கணும். ஏன், கோயில் கட்டப் போறியா?"

அரசி கட்டிவிட்டாள். அறை எண் ஜி-07, வழிபாட்டு இடம். பொருள் 2206க்கு என்ன பெயர் கொடுப்பது என்று ஒரு நிமிடம் தயங்கி, "திரைச்சீலை" என்று போட்டாள். விளக்கு இருந்தது. செருப்பு இருந்தது. அத்தாட்சிகள் சரி என்றது மெஷின். "ஏற்கிறேன்" அழுத்தினாள். இனி கேஸ் வராது, விளக்கை மட்டும் தினமும் ஏற்று என்று பச்சையம்மாவிடம் போனில் சொல்லிவிட்டு, அன்று பஸ்ஸில் எண்ணாமல் வந்தாள்.

மூன்று வாரம் கழித்துப் பச்சையம்மா போன் செய்தாள்.

"மேடம், கருவாடு வறுத்தேன்னு சண்டைக்கு வந்துட்டாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான். லிஃப்டுகிட்ட இருக்குற டிவில, தரைத்தளத்துல கோயில்னு காட்டுதாமே. மூணாவது மாடி அம்மா பூ கொண்டாந்தாங்க. வெள்ளிக்கெழமைன்னா பத்துப் பேர் வராங்க. ஒலை கொதிக்கும்போது நான் வெளிய நிக்கறேன். சாமி படம் நீயா வெச்சேன்னு செக்ரெட்டரி சார் கேட்டாரு, ஆமான்னேன். நல்ல காரியம்னுட்டுப் போயிட்டாரு."

அங்கே ஒரு குடும்பம் குடியிருக்கிறது என்று மாடிக்காரர்கள் நேற்றுவரை கண்ணால் பார்த்ததை லிஃப்டு டிவி ஒரே வரியில் மாற்றிவிட்டது.

"குழந்தை?"

"அதே கொழாய்லதான் தூங்குது. இப்ப பயம் இல்ல மேடம். ஆனா வூட்டுல இருக்கற மாதிரியும் இல்ல."

ஆயுதபூஜை வந்தது. வழக்கமாக வரவேற்பறையில்தான் கும்பிடுவார்கள். இந்த வருடம் அங்கே டைல்ஸ் வேலை நடந்ததால், ஜெரால்டு கூடத்துக்குள்ளேயே நடத்தச் சொல்லிவிட்டார். நாற்பத்து மூன்று திரைகளுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். யாரோ ஒருவன் மவுஸுக்கும் குங்குமம் வைத்து, அது நகராமல் போய், சிரிப்பாய்ச் சிரித்தார்கள். அரசி நாற்காலி மேல் ஏறிக் கலர் காகிதத் தோரணம் கட்டினாள். கட்டுவதற்குத் தலைக்கு மேலே ஒரு குழாய் வாட்டமாக இருந்தது. சுவரோடு சுவராக வெள்ளையடித்த குழாய்.

போன பிறந்தநாளுக்கோ எதற்கோ ஒட்டிய டேப் ஒன்று அதில் காய்ந்து கிடந்தது. நகத்தால் கிள்ளி இழுத்தாள். டேப்போடு வெள்ளையும் உரிந்து வந்தது. உள்ளே நீலம். இன்னும் கொஞ்சம் உரித்தாள். விரற்கடை தள்ளி இன்னொரு நீலம். அதற்கப்புறம் மூன்றாவது.

கீழே ஜெரால்டு சூடத்தை ஏற்றினார். ஒருத்தி சாம்பிராணியை அள்ளித் தூபக்காலில் போட்டாள். குப்பென்று புகை எழுந்து அரசியின் முகத்தைத் தாண்டி மேலே போனது. கூடத்தின் ஒரே கதவுக்கு மேல், இத்தனை வருடமாகப் பச்சையாக எரிந்த, யாரும் ஏறிட்டுப் பார்க்காத சின்ன விளக்கு மஞ்சளானது.

"அணைங்க! அணைங்க சார்!"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. சூடத்தை அணை என்று எவள் சொல்வாள்? அரசி நாற்காலியிலிருந்து குதித்தாள். தட்டில் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அறைந்து அமுக்கினாள். சுட்டது பிறகுதான் தெரிந்தது. தூபக்காலைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கி ஓடினாள். ஐந்து. ஆறு. யார் காலிலோ இடித்துக்கொண்டாள். எட்டு. கதவுக்குள்ளிருந்து டக் என்று ஏதோ நகரும் சத்தம் கேட்டது. அவள் தோளால் மோதித் திறந்து வெளியே போய், தூபக்காலை டைல்ஸ்காரரின் சிமென்ட் சட்டியில் கவிழ்த்தாள்.

திரும்பிப் பார்த்தபோது விளக்கு பச்சையாக இருந்தது.

"பைத்தியமா இவளுக்கு? நல்ல நாளும் அதுவுமா..." என்று உள்ளே யாரோ திட்டினார்கள். நூர்ஜகான் மட்டும் ஓடி வந்து அவள் கையில் தண்ணீர் ஊற்றினாள். ஜெரால்டு கதவுக்கு மேலே இருந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லோரும் பொரியும் சுண்டலும் சாப்பிட வெளியே போன பிறகு, அரசி பொதுப் பதிவேட்டைத் திறந்து தன் அலுவலக முகவரியைத் தேடினாள். ஏழாவது மாடி, கூடம். வகை: கருவி அறை. ஆட்கள்: இல்லை. தீ வந்தால்: பூட்டு, கேஸ். அதற்குக் கீழே ஏற்றவரின் பெயர் இருந்தது.

ம. அரசி.

நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கோப்பு எண் 0119. இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எடுத்த ஸ்கேன். கணினிகள், சர்வர்கள், கேபிள்கள். உரிமையாளர் குறிப்பு: கருவிகள் வைக்க. நாற்காலிகள் மட்டும் அவளுக்கு உறுத்தின. எண்ணிக்கூடப் பார்த்தாள், நாற்பத்து மூன்று. எழுந்து போய்க் கேட்டாள். "நாற்காலியும் சாமான்தானே? ஏத்துக்கோ" என்றார் ஜெரால்டு. அறுநூறு முடிக்க வேண்டிய அவசரம். அழுத்திவிட்டாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலி அதில் எத்தனையாவது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"உங்களுக்குத் தெரியும்ல சார்?"

ஜெரால்டு எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை.

"தெரியும்மா. மெஷின்தான் செய்யுதுன்னு சொல்லிட்டு, நாற்பத்து மூணு பேர் உக்காந்திருக்காங்கன்னு எப்படி எழுதறது? எழுதின அன்னிக்கே கிளையன்ட் போயிடுவான். அவ்வளவு பேருக்கும் வேலை போயிடும்." அவர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நானும் இங்கதாம்மா உக்கார்றேன். புகை டிடெக்டரை ஆஃப் பண்ணிட்டோம்னு மேல சொன்னாங்க. நம்பினேன்."

ஏற்றவரால் மட்டும்தான் தன் கோப்பைத் திரும்பத் திறக்க முடியும். அரசி 0119ஐத் திறந்தாள். "அலுவலகம்" என்ற வகைக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அதுதான் உண்மை. ஆனால் சுண்டல் கிண்ணத்தோடு கதவுக்கு வெளியே நின்று சிரிக்கும் குரல்கள் கேட்டன. அவளுக்கும் அம்மா இருக்கிறாள், அம்மாவின் டயாலிசிஸ் இருக்கிறது. வீடுன்னு மட்டும் எழுதிடாதீங்க என்று தன் வாயே சொல்லப் பார்ப்பதை அவள் உணர்ந்தாள். வெட்கமாக இருந்தது.

அவள் விரலை நகர்த்தி "வழிபாட்டு இடம்" என்று போட்டுவிட்டு, எழுந்து கதவுவரை போனாள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள்.

"என்னடி பண்றே?" என்றாள் நூர்ஜகான். அரசி சொன்னாள். கூடத்தைப் பற்றி, குழாயைப் பற்றி, நான்கு வருடத்துக்கு முன் தான் போட்ட கையெழுத்தைப் பற்றி, தூளியைப் பற்றி. ஒருவரும் சுண்டலைத் தொடவில்லை. கடைசியில் நூர்ஜகான்தான் குனிந்து தன் செருப்பின் வாரைக் கழற்றினாள்.

"நாங்களும் பள்ளிவாசலுக்கு வெளியதானே விடுவோம்" என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொருவராக. ஜெரால்டின் ஷூவில் கயிறு முடிச்சு விழுந்துவிட்டது. அவிழ்க்க நேரம் பிடித்தது.

"மேல கேட்டா?" என்றாள் ஒருத்தி.

"சர்வர் பக்கத்துல சாமி படம் இல்லாத ஆபீஸ் எங்க இருக்கு?" என்றார் ஜெரால்டு. "ஒருத்தனும் கேட்க மாட்டான். ஆனா ஒண்ணு, இனிமே யாரும் உள்ள சாப்பிடக் கூடாது."

அடுத்த மாத ஸ்கேன் அரசியின் திரைக்கே வந்தது. ஓரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலிகளில் இருந்தவர்களை மெஷின் வழக்கம்போல அழித்திருந்தது. இந்த முறை எந்தப் பொருளுக்கும் அது தடுமாறவில்லை, எதுவும் மஞ்சளாகச் சிமிட்டவில்லை. செருப்பு, நாற்பத்து மூன்று ஜோடி, தொண்ணூற்று ஒன்பது சதவீதம் என்று சொல்லிவிட்டு அவளுக்காகக் காத்திருந்தது. அரசி ஒரு தடவை எண்ணிச் சரிபார்த்துவிட்டு "ஏற்கிறேன்" அழுத்தினாள்.